பரிசலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்

அணையில் மீன்பிடிக்கப் போனவர் பரிசல் கவிழ்ந்து இறந்தார் என்று செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு தீர்ப்பும் வந்துவிடுகிறது: பரிசல் காலாவதியான பொருள், மூங்கிலையும் தாரையும் நம்பி ஆழமான நீரில் இறங்குவது அறியாமை, எல்லோருக்கும் ஒரு பைபர் படகைக் கொடுத்துவிட்டால் இந்தச் சாவுகள் நின்றுவிடும். அதிகாரிகள் மட்டுமல்ல, மீனவர்கள்மேல் உண்மையான அக்கறை உள்ளவர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள். மீனவக் குடும்பத்திலிருந்து படித்து வெளியே போன பிள்ளைகளும் பேசுகிறார்கள். கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் இந்தத் தீர்ப்புக்குள் இரண்டு நம்பிக்கைகள் சோதிக்கப்படாமலேயே உட்கார்ந்திருக்கின்றன. ஆளைக் கொல்வது பரிசலின் வடிவமும் மூங்கிலும்தான் என்பது ஒன்று. பைபர் படகை வாங்கிப் போட்டால் போதும், பிறகு பராமரிப்பு என்ற கவலையே இல்லை என்பது மற்றது. இரண்டுமே தவறு. நன்னீரில் சிறு படகில் தொழில் செய்கிறவரின் உயிர் போவது, அந்தப் படகில் இருக்க வேண்டியவை இல்லாததாலும் செய்ய வேண்டிய பராமரிப்பு நடக்காததாலும்தான். இந்தக் குறையைத் தொடாமல் படகை மட்டும் மாற்றினால் பழைய சாவு புதிய படகில் தொடரும்.

முதலில், பரிசல் எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; முழு நீர்மட்டம் 120 அடி. நிரம்பியிருக்கும்போது ஏறத்தாழ 150 சதுர கிலோமீட்டருக்குத் தண்ணீர் பரந்து கிடக்கும். ஆனால் அந்த நிரம்பிய தோற்றம் ஆண்டில் சில மாதங்களுக்குத்தான், அதுவும் எல்லா ஆண்டுகளிலும் இல்லை. 2024 ஜூலைத் தொடக்கத்தில் 40 அடியை ஒட்டிக் கிடந்த மட்டம் அதே மாதம் முடிவதற்குள் 120 அடியைத் தொட்டது. பாசனத்துக்குத் திறந்துவிட்டு மழையும் பொய்த்தால் மட்டம் மளமளவென்று இறங்கும். பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் பழைய கோயிலின் நந்தி வெளியே தெரியத் தொடங்கும். நூறு அடிக்கு ஓர் அடி என்று மெல்லச் சரியும் கரையில் மட்டம் 10 அடி குறைந்தால் தண்ணீர் 1,000 அடி தள்ளிப் போய்விடும். நேற்று படகு கட்டியிருந்த இடத்துக்கும் இன்றைய தண்ணீருக்கும் நடுவே முழங்கால் புதையும் சேறு. இப்படிப்பட்ட இடத்தில் நிலையான படகுத்துறை என்று ஒன்றைக் கட்டவே முடியாது. ஏறத்தாழ 2 மீட்டர் விட்டமுள்ள பரிசலை ஒரே ஆள் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு அந்தச் சேற்றைக் கடந்துவிடுகிறார். பதினெட்டு அடி பைபர் படகுக்கு நாலைந்து பேர் தோள் கொடுக்க வேண்டும். இரண்டு பேராகத் தொழிலுக்குப் போகும் குடும்பத்துக்கு அந்த நாலைந்து பேர் தினமும் எங்கிருந்து வருவார்கள்?

வலை வேலையும் இதையே சொல்கிறது. அணைகளில் பெரும்பாலும் செவுள் வலைதான். மாலையில் கட்டிவிட்டு வந்து விடியற்காலையில் போய் எடுப்பார்கள். கட்லாவும் ரோகுவும் ஜிலேபியும் கெளுத்தியும் கிடைக்கிற இடங்கள் பெரும்பாலும் அடியில் மரக்கட்டைகளும் பாறைகளும் நிற்கிற, ஆழம் குறைந்த ஓரங்கள். பரிசலுக்கு அடிக்கட்டை இல்லை. சில அங்குலத் தண்ணீர் இருந்தால் மிதக்கும். முன், பின் என்று அதற்கு எதுவும் கிடையாது. வலையை எந்தப் பக்கமிருந்தும் ஏற்றலாம், நின்ற இடத்திலேயே திருப்பலாம், கட்டையில் வலை மாட்டிக்கொண்டால் அப்படியே பின்வாங்கலாம். கூர்முனைப் படகு நேராக ஓடுவதற்கென்று வடிக்கப்பட்டது. அதே இடத்தில் அதைக் குறுக்கும் நெடுக்குமாகத் திருப்பிக்கொண்டே வலை எடுப்பது சிரமம். காற்று பக்கவாட்டில் அடித்தால் படகு தன் வலைமேலேயே போய் ஏறிக்கொள்ளும். ஓட்டத்துக்குக் கூர்முனை, நின்று வேலை செய்ய வட்டம் என்பதைப் பலநூறு ஆண்டுகளாகத் தொழில் செய்தவர்கள் தெரிந்தே தேர்ந்தார்கள். வறுமை மட்டும் அந்தத் தேர்வைச் செய்யவில்லை.

வட்டப் படகு நம் ஊருக்கு மட்டும் உரியதுமல்ல. யூப்ரடீஸ் ஆற்றில் ஓடிய வட்டப் படகுகளைப் பற்றி ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். மேற்கு வேல்ஸின் ஆறுகளில் மீனவர்கள் உரிமம் பெற்று இரண்டு பரிசல்களுக்கு நடுவே வலையை இழுத்துப் பிடிக்கும் முறை நம் காலம்வரை தொடர்கிறது. வியட்நாம் கடற்கரையில் மூங்கில் கூடைப் படகுகளுக்கு மரப்பிசினும் சாணமும் பூசுகிறார்கள். ஆனால் எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமாகத் தோன்றுவது கயாக்தான். இன்று உலகெங்கும் ஏரிகளில் தூண்டில் போடுகிறவர்கள் விரும்பி வாங்குகிற அந்தச் சிறு படகு எங்கிருந்து வந்தது? வடதுருவத்து இனுயிட் மக்கள் கரையொதுங்கிய மரத்துண்டுகளையும் எலும்பையும் சட்டமாகக் கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செய்த வேட்டைப் படகு அது. சட்டத்தின்மேல் தோல் என்ற அதே முறையில்தான் நம் பரிசலும் ஒரு காலத்தில் மாட்டுத்தோல் போர்த்தி ஓடியது. கயாக்கின் வடிவத்தை யாரும் பழமை என்று தூக்கி எறியவில்லை. வடிவத்தை வைத்துக்கொண்டு தோலை மட்டும் மாற்றினார்கள். முதலில் துணி, பிறகு கண்ணாடி இழை, இப்போது வார்த்தெடுத்த பாலிஎத்திலீன். அதோடு நிற்கவில்லை. உட்காருபவருக்குக் கைவீச்சைத் தடுக்காத உயிர்காப்பு உடை, கழுத்தில் ஊதல், தண்ணீர் வடியும் துளைகள், மூடிய காற்றறை, கயிற்றில் கட்டிய துடுப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். கைத்துடுப்பால் ஓடும் பத்தடிப் படகில் வசதி படைத்தவர் ஏறினால் அதைச் சாகச விளையாட்டு என்கிறோம். கைத்துடுப்பால் ஓடும் ஏழடிப் பரிசலில் மீனவர் ஏறினால் பின்தங்கிய நிலை என்கிறோம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு படகில் இல்லை, படகோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட பொருட்களில் இருக்கிறது. ஒருவருக்கு அவை கிடைத்தன, மற்றவருக்குக் கிடைக்கவில்லை என்பதை மறைத்துவிட்டுப் படகைக் குற்றம் சொல்வது அநியாயம்.

சாவுக் கணக்கையே சான்றாகக் கேட்பவர்களுக்கு, மிக நவீனமான படகுகள் ஓடும் நாட்டின் கணக்கையே தரலாம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் பொழுதுபோக்குப் படகு விபத்துகளைத் தொகுத்து வெளியிடுகிறது. 2023இல் அங்கே 564 பேர் இறந்தார்கள். இறப்புக்குக் காரணம் தெரிந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் நீரில் மூழ்கி இறந்தவர்கள். உயிர்காப்பு உடை பற்றிய விவரம் பதிவான மூழ்கியவர்களில் நூற்றுக்கு 87 பேர் அதை அணிந்திருக்கவில்லை. அந்தப் படகுகள் மூங்கிலால் ஆனவை அல்ல. அலுமினியம், பைபர், பாலிஎத்திலீன். பெரும்பாலானவை தொழிற்சாலையில் செய்து விதிமுறைக்கு உட்பட்டு விற்கப்பட்டவை. நம் பக்கத்திலேயே இன்னும் கொடிய சான்று இருக்கிறது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் பெரியாறு நீர்த்தேக்கத்தில் கவிழ்ந்து 45 பேரைக் கொன்ற சுற்றுலாப் படகு, நீரில் இறங்கிச் சில வாரங்களே ஆன இரண்டடுக்குப் பைபர் படகு. எடை மேலே ஏறியிருந்தது, ஆட்கள் ஒரு பக்கமாகத் திரண்டார்கள், படகு சாய்ந்தது. புத்தம்புதுப் பைபர் உடல் அங்கே ஒருவரையும் காப்பாற்றவில்லை. அதற்காகப் பைபரை ஒழிக்க வேண்டும் என்று எவரும் கிளம்பவில்லை, கிளம்பாததும் சரிதான். அந்த நிதானத்தைப் பரிசல் கவிழும்போதும் காட்ட வேண்டும் என்பதே நான் கேட்பது.

நன்னீரைப் பற்றி ஒரு தவறான எண்ணமும் இங்கே கலந்திருக்கிறது. கடல்தான் ஆபத்து, ஏரி அமைதியானது என்று நினைக்கிறோம். உடலைத் தூக்கிப் பிடிப்பதில் ஏரி கடலைவிட மோசமானது. ஒரு லிட்டர் கடல்நீரின் எடை ஏறத்தாழ 1.025 கிலோ, நன்னீர் 1 கிலோ. அறுபது கிலோ எடையுள்ள மனிதருக்குக் கடலில் கிடைக்கும் தூக்குவிசையில் ஒன்றரைக் கிலோ அளவு ஏரியில் கிடைக்காது. மூக்கும் வாயும் நீருக்கு மேலே இருப்பதற்குத் தேவையான விசையே சில கிலோதான் என்னும்போது இந்த ஒன்றரைக் கிலோ சிறிய அளவு அல்ல. இதனால்தான் நீச்சல் தெரியும் என்ற பதில் போதாது. விடியலுக்கு முன் இருட்டில், நனைந்த துணியோடு, கால் வலையில் சிக்கி, நாலு மணி நேரம் துடுப்பு போட்ட களைப்போடு விழுகிறவருக்குப் பகலில் குளத்தில் நீந்திய திறமை கைகொடுக்காது. ஐந்து கிலோ தூக்குவிசை தரும் ஒரு மிதவை உடையும், இடுப்பில் உறையிட்ட சிறு கத்தியும் கைகொடுக்கும். முதலாவது தலையை மேலே வைக்கும், இரண்டாவது வலையை அறுக்கும்.

படகு கவிழ்ந்தபின் என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பைபர் ஆதரவாளர்கள் இதைப் பேசுவதே இல்லை. மூங்கில் தண்ணீரைவிட இலேசானது. நீர் நிறைந்த பரிசல் விளிம்பளவுக்கு அமிழ்ந்தாலும் மூழ்கிப் போகாது. அதைப் பிடித்துக்கொண்டு கிடக்கலாம். கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த பைபரின் அடர்த்தி தண்ணீரைப் போல் ஒன்றரை மடங்கு. காற்றறையோ நுரையோ இல்லாத பைபர் படகில் நீர் நிறைந்தால் அது நேரே அடிக்குப் போய்விடும். நூறு கிலோ எடையுள்ள பைபர் உடலுக்கு நீருக்குள் முப்பத்துமூன்று கிலோ எடை மிச்சமிருக்கும்; அதோடு மோட்டாரின் எடை, பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு பேருக்கான விசை. மூடிய காற்று நூறு லிட்டர் இருந்தால் இவ்வளவையும் தாங்கும். நூறு லிட்டர் என்பது மூடியை இறுக்கிக் கட்டிய ஐந்து 20 லிட்டர் கேன்கள். அவற்றைக் கட்டும் இடமும் முக்கியம். படகின் அடியில் கட்டினால் நீர் நிறைந்தபோது அடிப்பக்கம் மேலே வந்து படகு புரண்டுவிடும். உள்பக்கம் விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் கட்டினால் நீர் நிறைந்தும் நிமிர்ந்தே நிற்கும். பரிசலுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும், இன்னும் குறைந்த காற்றே போதும். ஒரு படகின் விலையில் எத்தனை படகுகளுக்கு இந்தக் கேன்களைக் கட்டலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இவ்வளவு எளிய காரியம் இன்னும் எந்தக் கரையிலும் வழக்கமாகாமல் இருப்பது எனக்குப் பொறுக்க முடியாததாக இருக்கிறது.

அடுத்தது, பைபருக்குப் பராமரிப்பே வேண்டாம் என்ற நம்பிக்கை. பைபர் படகின் வெளிப்பூச்சுக்கு ஜெல்கோட் என்று பெயர். அந்தப் பளபளப்பான தோல்தான் உள்ளே உள்ள இழையையும் பிசினையும் தண்ணீரிலிருந்து காக்கிறது. நம் வெயிலில் அது சுண்ணாம்பு போல் பொடியும். பாறையிலும் கட்டையிலும் உரசினால் கீறும். கீறிய இடத்தில் இழைகள் திரி போலத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கீறல் இல்லாத இடத்திலும் நீர் மெல்ல ஊடுருவி, பிசினில் கரையக்கூடிய பொருட்களோடு சேர்ந்து அமிலக் கரைசலாகி, சவ்வூடு அழுத்தத்தால் கொப்புளம் கிளப்பும். இந்தக் கொப்புள நோய் கடலைவிட நன்னீரில் அதிகம். குளிர்நீரைவிட வெதுவெதுப்பான நீரில் இன்னும் வேகம். உப்பில்லாத நீருக்கும் உள்ளே தேங்கிய கரைசலுக்கும் செறிவு வேறுபாடு கூடுதல் என்பதே காரணம். ஆக, பைபர் படகு மிகவும் பாதுகாப்பாக இருக்கும் என்று நாம் நினைக்கிற நம் ஊர் அணைதான் அதற்குக் கடினமான இடம். சரிசெய்வது முடியாத காரியம் அல்ல. கொப்புளத்தைத் திறந்து, கழுவி, பல நாள் காயவிட்டு, இழைப்பாயும் பிசினும் வைத்து ஒட்ட வேண்டும். ஈரம் இருந்தால் பிசின் பிடிக்காது. பிசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்டையும் கோபால்ட் முடுக்கியையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். இந்தப் பொருட்களும் இதற்குப் பழகிய கையும் கடலோர ஊர்களில் உண்டு. அணைக்கரைக் கிராமத்தில் அவை கிடைக்கும் என்று யார் உறுதி சொல்வது? கிடைக்காதபோது ஒரு சிறு ஓட்டை கந்தல் துணியாலும் தாராலும் அடைக்கப்படுகிறது. இரண்டாவது ஓட்டையில் படகு கரையில் ஒதுக்கப்படுகிறது. ஒதுக்கப்பட்ட பைபரை உருக்கவும் முடியாது, உரமாக்கவும் முடியாது. அது அங்கேயே கிடக்கும்.

மோட்டாரின் கதை இன்னும் நீளம். அவுட்போர்டு மோட்டார் குளிர்வதற்குச் சுற்றியுள்ள நீரையே உறிஞ்சுகிறது. அணை ஓரத்துச் சேறும் பாசியும் அந்த வழியை அடைத்தால் பம்பின் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்து கிழிகிறது, எந்திரம் சூடேறுகிறது. எல்லா இடத்திலும் வலை கட்டியிருக்கும் நீரில் அறுந்த நைலான் நரம்பு விசிறிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு அச்சின் சீலை அறுக்கும். அறுந்த சீல் வழியே நீர் புகுந்து கியர் எண்ணெய் மோர் போல வெளுத்துவிடும். இதைப் பார்க்கத் தெரிந்தவர் விசிறியைக் கழற்றி மாதம் ஒருமுறை நரம்பை எடுத்துப் போடுவார். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் ஒரே ஆண்டில் கியர் போய்விடும். படகையும் மோட்டாரையும் கொடுத்துவிட்டு இந்த அறிவைக் கொடுக்காமல் விடுவது பாதி உதவிகூட அல்ல.

என் வாதத்துக்கு வலுவான எதிர்வாதங்கள் உண்டு. அவற்றைச் சந்திக்காமல் போக நான் விரும்பவில்லை. மூங்கில் அழுகும் பொருள், பரிசல் ஓரிரு ஆண்டுகளில் வீணாகும், பைபர் பத்து ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும் என்கிறார்கள். பதப்படுத்தாத மூங்கிலைப் பற்றி இது உண்மை. ஆனால் மூங்கிலைத் தின்னும் வண்டு அதன் மாவுச்சத்தைத் தேடித்தான் வருகிறது. மாவுச்சத்து குறைந்த பருவத்தில் வெட்டி, சில வாரம் நீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்த முற்றின மூங்கிலை வண்டு எளிதில் தொடாது. தார் வெயிலில் வெடிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை சுரண்டிப் புதிதாகப் பூசினால் வெடிப்பு வழியே நீர் ஏறாது. வேலை முடிந்ததும் கவிழ்த்துக் காயவைத்தாலே ஆயுள் கூடும். இன்று பல பரிசல்களின் ஆயுள் குறைவதற்குக் காரணம் இளம் மூங்கிலும், உரச்சாக்கையும் மெல்லிய பிளாஸ்டிக்கையும் வைத்து அவசரமாகப் போர்த்துவதும்தான். நல்ல மூங்கில் கிடைப்பதில்லை என்பது ஒரு காலத்தில் சரியான பதில். 2017 நவம்பரில் வந்த சட்டத் திருத்தம் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற வரையறையிலிருந்து எடுத்துவிட்டது. வயல் வரப்பில் வளர்த்து வெட்டி விற்கத் தடையில்லை. அதைவிட முக்கியம், பரிசலைப் பின்னுகிறவர் அதே ஊரில் இருக்கிறார். உடைந்த மூங்கில் பத்தையைக் கத்தியும் கயிறும் கொண்டு மாலைக்குள் மாற்றிவிடலாம். நீண்ட ஆயுளைப் போலவே எளிதில் சரிசெய்யக்கூடிய தன்மையும் ஒரு படகின் பலம். கடன் வாங்கித் தொழில் செய்கிறவருக்கு இரண்டாவதுதான் பெரிது. படகு கரையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அவருக்குப் பட்டினி.

காற்றைப் பற்றிய எதிர்வாதத்தை நான் பெருமளவு ஒப்புக்கொள்கிறேன். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆழியாறு, அமராவதி அணைகளின் பக்கம் அடிக்கும் அடி சாதாரணமானது அல்ல. திறந்த நீரில் பரிசலை அந்தக் காற்றுக்கு எதிராக ஓட்ட முடியாது; அது சுழன்று போகும். மேட்டூரின் அகன்ற நடுப்பரப்பில் மீனை விரைவாகக் கரை சேர்க்கவும், ஆபத்தில் இருப்பவரைப் போய் மீட்கவும் மோட்டார் பூட்டிய பைபர் படகு கட்டாயம் வேண்டும். கரைக்கு ஒன்றிரண்டு அப்படிப்பட்ட படகுகளைக் கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பில் வைத்துப் பராமரிப்பது அறிவுள்ள செலவு. ஆனால் ஒவ்வொரு பரிசலுக்கும் பதிலாக ஒரு மோட்டார் படகு என்பது வேறு விஷயம். ஓரத்து வலை வேலைக்கு நடுப்பரப்பின் கருவியைத் திணிப்பது அது. காற்று மாதங்களில் யார் எப்போது எவ்வளவு தூரம் போகலாம் என்ற கட்டுப்பாடும், கரையில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் காற்று எச்சரிக்கையும் இல்லாதவரை பைபர் படகு மீனவரை இன்னும் தூரத்துக்கு, இன்னும் பெரிய அலைக்குள் கொண்டுபோகும்.

மீனவர்களே பைபர் கேட்கிறார்களே, அவர்கள் வறுமையை அழகு பார்க்கச் சொல்கிறாயா என்ற கேள்விதான் என்னை மிகவும் உறுத்துவது. கேட்கிறார்கள், உண்மை. கேட்க முழு உரிமையும் உண்டு. மூங்கில்தான் புனிதம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. பரிசலின் வட்ட வடிவத்தையே பைபரில் வார்க்கலாம்; வார்த்தும் ஓட்டுகிறார்கள். இரண்டு சுவர்களுக்கு நடுவே மூடிய காற்றோடு வார்த்தால் அது கவிழ்ந்தாலும் மூழ்காது. கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் மலிவான ரப்பர் மரத்தைப் பதப்படுத்தி, மேலே பைபர் போர்த்தி, உள்நாட்டு நீருக்கான சிறு படகு செய்து காட்டியது. பழைய பொருளையும் புதிய போர்வையையும் சேர்க்க முடியும் என்பதற்கு அது சான்று. என் எதிர்ப்பு பைபர்மேல் அல்ல. படகை மாற்றிவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணத்தின்மேல். பைபர் கேட்கும் மீனவர் அதோடு பராமரிப்புச் செலவையும் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார் என்பதை அவரிடம் யாரும் சொல்வதில்லை. சொல்லிவிட்டுக் கேட்டால் அவர் என்ன தேர்வார் என்பதை அவரிடமே விட்டுவிடலாம்.

உயிர்காப்பு உடை கொடுத்தாலும் போடமாட்டார்கள், குடிசையில் தொங்கவிடுவார்கள் என்பது அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் வாதம். போடாததற்குக் காரணம் உண்டு. மலிவாகக் கொள்முதல் செய்யப்படும் பருத்த ஆரஞ்சு உடை கப்பலில் பயணம் செய்கிறவருக்கு ஏற்றது. அது கழுத்தை அடைக்கும், கையைத் தூக்க விடாது, தொங்கும் வார்களிலும் கொக்கிகளிலும் வலைக்கண் மாட்டிக்கொள்ளும், சித்திரை வெயிலில் கொதிக்கும். அதைப் போட்டுக்கொண்டு வலை இழுக்கச் சொல்கிறவர் ஒரு மணி நேரம் இழுத்துப் பார்க்கட்டும். கயாக்காரர்களுக்கென்று வந்த உடையில் அக்குள் அகலமாக வெட்டப்பட்டிருக்கிறது, முன்புறம் ஒற்றை ஜிப், தொங்கல் இல்லை, நுரை மெல்லிய பட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சர்வதேசத் தரத்தில் 50 நியூட்டன் என்று குறிக்கப்படும் வகை இது. நீச்சல் தெரிந்து, கரைக்கு அருகில், பக்கத்தில் ஆள் இருக்க வேலை செய்கிறவருக்கு உரியது. நீச்சல் தெரியாதவருக்கும் நடுப்பரப்புக்குப் போகிறவருக்கும் 100 நியூட்டன் வேண்டும். வேலைக்கேற்ற உடையைத் தைத்துக் கொடுக்காமல், கொடுத்ததைப் போடவில்லை என்று மீனவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

பணம் எங்கே என்ற கேள்விக்குப் பதில் ஏற்கெனவே திட்டங்களுக்குள்ளேயே இருக்கிறது. 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பாரம்பரிய மீனவருக்குப் பழைய படகுக்கு மாற்றாகப் புதிய படகும் வலையும் தர மானியம் உண்டு: பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 விழுக்காடு. மீதிப் பங்கை மீனவர் கடன் வாங்கித்தான் கட்டுகிறார். புதிய படகை ஒருமுறை கொடுத்துக் கணக்கை முடிப்பது நிர்வாகத்துக்கு எளிது. ஆண்டுதோறும் பராமரிப்புக்குச் சிறு தொகை ஒதுக்குவது எளிதல்ல. அந்தச் சிறு தொகையைத்தான் கேட்க வேண்டும். மீன்பிடி உரிமம் புதுப்பிக்கும் நேரத்தை மட்டம் இறங்கிக் கிடக்கும் கோடையில் வைத்து, ஒவ்வொரு கரையிலும் எல்லாப் படகுகளையும் கவிழ்த்துப் போட்டுப் பார்க்கலாம். ஊர்ப் பரிசல்காரர் ஒருவர், பைபர் ஒட்டத் தெரிந்தவர் ஒருவர், மோட்டார் மெக்கானிக் ஒருவர் அங்கேயே உட்கார்ந்து தார், மூங்கில், பிசின், இம்பெல்லர் எல்லாம் கைவசம் வைத்துப் பழுது பார்க்கலாம். விளிம்பில் கேன் கட்டாத படகுக்கும், உடையும் கத்தியும் ஊதலும் விளக்கும் இல்லாத ஆளுக்கும் அந்த இடத்திலேயே அவற்றைக் கொடுத்துவிட்டு உரிமத்தில் கையெழுத்துப் போடலாம். உரிமக் கட்டணத்தில் ஒரு பங்கை அந்தக் கரைக்கே திருப்பினால் செலவு அடங்கும். இதெல்லாம் நடந்த பிறகும் ஒருவர் பரிசலை விட்டுப் பைபருக்கு மாற விரும்பினால் தாராளமாக மாறட்டும். காற்றறையோடும், ஒட்டும் பொருளோடும், அதைப் பழுதுபார்க்கக் கற்ற கையோடும் அந்தப் படகு அவரிடம் போய்ச் சேரட்டும்.